இருபத்தைந்தாவது மலை

மாத்தளை நகரத்தில் ரகசியம் என்று ஒன்று மிஞ்சாமல் போனதற்கு ஒரே ஒரு மனிதர்தான் காரணம். அவர் யாரையும் காட்டிக்கொடுக்க நினைத்தவர் அல்ல. காதோடு காதாகத்தான் சொல்வார். ஆனால் அவர் ஒருவர் காதில் சொன்னால் அடுத்த தெருவில் இருக்கிறவர் பதில் சொல்வார்.

எங்கள் தெருமுனையில் மா அரைக்கிற மில் வைத்திருப்பவர் அவர். மில்லுக்கார அண்ணன் என்றால்தான் யாருக்கும் தெரியும். அப்பா அம்மா வைத்த பெயர் அடையாள அட்டையில் இருக்கும். நான் பார்த்ததில்லை. நாற்பது வருடமாக இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி, அவருடைய தொண்டை அந்த உயரத்திலேயே நின்றுவிட்டது. கரண்ட் போனால் மில் நிற்கும். தொண்டை நிற்காது.

ஒரு கலியாண வீட்டில் எனக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். தாலி கட்டி அரை நிமிடம் ஆகியிருக்காது. குனிந்து, கையால் வாயை மறைத்துக்கொண்டு, "தம்பி, சோறு பத்தாது போல இருக்கு. மொத பந்தியிலயே உக்காந்துருங்க" என்றார். மண்டபமே எழுந்து ஓடியது. மேளக்காரர் மேளத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடினார். மாப்பிள்ளையும் பெண்ணும் ஐயரும்தான் மணவறையில் மிச்சம். அவர்களிலும் ஐயர் எழுந்திருக்கப் பார்த்தார் என்று என் மனைவி இன்றைக்கும் சத்தியம் பண்ணுகிறாள்.

அரைத்த தூளில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பது அவருடைய வழக்கம். அதை வைத்தே வீட்டு நிலவரம் சொல்லிவிடுவார். ஒரு நாள் என் மனைவி கறித்தூள் அரைக்கப் போயிருக்கிறாள். நாக்கில் வைத்தவர், "என்னா தங்கச்சி, மாமியா வந்துருக்காங்களா? மல்லி கூடிப்போச்சே! ஒங்க கை இல்லையே இது!" என்று கேட்டிருக்கிறார். என் அம்மா முதல் நாள் சாயந்தரம்தான் வந்திருந்தார். வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் என் மனைவியை இரக்கத்தோடு பார்த்தார்களாம். வீட்டுக்கு வந்து, "ஒங்கம்மா வந்தத ஊருக்குச் சொல்ல நான் மில்லுக்குப் போகணுமா?" என்று என்னிடம் பாய்ந்தாள்.

அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் மில்லுக்கார அக்கா. ரத்தொட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கொழுந்து பறித்து, அங்கிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். ஆண்டவன் இந்த இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு அளவு சத்தத்தைக் கொடுத்திருப்பான் போல. அதில் அண்ணன் முழுவதையும் எடுத்துக்கொண்டார். அக்கா பேசுவது கேட்க வேண்டுமென்றால் நாம்தான் கிட்டப் போக வேண்டும்.

அந்த அக்காவுக்கு வெகு காலத்துக்கு முன்னால் வயிற்றில் கட்டி வந்து, கண்டி ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன் நடந்தது. அண்ணன் வெளியே நின்றிருக்கிறார். நிற்க முடியவில்லை. சுவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, சிவனொளிபாத மலை இருக்கிற திசை என்று தானே ஒரு திசையை முடிவு பண்ணி, "அப்பனே! இவள எழுப்பி வுட்டுரு! இருபத்தஞ்சு தடவ ஒன் மலை ஏறி வாறேன்!" என்று வேண்டியிருக்கிறார். மனதுக்குள்தான் வேண்டினேன் என்பார் அவர். ஆனால் உள்ளே இருந்த நர்ஸ் அம்மா கதவைத் திறந்துகொண்டு வந்து, "ஐயா, அஞ்சு தடவை ஏறினாலும் போதும், சத்தம் போடாதீங்க" என்று சொன்னதாகத்தான் கதை.

அக்கா பிழைத்துக்கொண்டார். பிற்பாடு விஷயம் தெரிந்ததும் கேட்டாராம், "ஒண்ணு ரெண்டுன்னு வேண்டியிருக்கக் கூடாதா?" என்று.

"பேரம் பேசற நேரமா புள்ள அது?" என்றாராம் அண்ணன்.

வருடத்துக்கு ஒரு தடவை என்று இருபத்துநான்கு தடவை ஏறிவிட்டார். ஒவ்வொரு தடவையும் போவதற்கு முன் ஒரு வாரம் மில்லில் கருவாட்டுத் தூள் அரைக்க மாட்டார். வெள்ளை வேட்டி, வெள்ளை பெனியன். மா படிந்து அவர் வழக்கமாகவே வெள்ளையாகத்தான் இருப்பார் என்பதால் வித்தியாசம் எங்களுக்குத் தெரியாது. மலை உச்சியில் ஒரு மணி உண்டு. எத்தனையாவது தடவை ஏறுகிறோமோ அத்தனை தடவை அடிக்க வேண்டும். இருபத்துநான்காவது தடவை அவர் அடித்துக்கொண்டே இருந்ததில் பின்னால் வரிசை நின்றுவிட்டதாம். திரும்பி வந்து அதைச் சொன்னபோது அவருக்கு இருந்த பெருமை! பிள்ளை டொக்டராகிப் பட்டம் வாங்கியது போல.

அதோடு முழங்கால் போய்விட்டது.

டொக்டரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு அவர், "இனிமே நீங்க படியே ஏறக் கூடாது" என்றார். "ஏறாம எப்புடி டொக்டர்? ஒங்க ரூமே மேல் மாடியிலதானே இருக்கு?" என்றார் அண்ணன். கீழ் மாடியில் மருந்து வாங்க நின்றவர்கள் சிரித்தது மேலே கேட்டது.

அண்ணன் சிரிக்கவில்லை. இருபத்தைந்தில் ஒன்று குறைகிறது. கொடுத்த வாக்கில் ஒன்று குறைகிறது. மலை ஏறுகிற பருவம் இரண்டு அப்படியே போயிற்று. அக்கா ஒரு தும்மல் போட்டால் இவர் மில்லை நிறுத்துவார். இரண்டு தும்மல் போட்டால் கடவுளிடம் தவணை கேட்பார், அதுவும் தெருவுக்கே கேட்கும்படி. அந்த வருடம் வழக்கமான பரிசோதனைக்குப் போன அக்காவை, ஸ்கேன் ஒன்று எடுக்க வேண்டும், அடுத்த மாதம் வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அன்றிலிருந்து அண்ணன் தூளை நாக்கில் வைத்துப் பார்ப்பதை விட்டுவிட்டார். தெருப் பெண்கள் முதலில் நிம்மதிப்பட்டு, பிறகு பயந்துபோனார்கள்.

அந்த ஏப்ரல் லீவுக்குத்தான் எங்கள் வீட்டில் சிகிரியா போகலாம் என்று பேச்சு வந்தது. தம்புள்ளைக்கு அந்தப் பக்கம், மலை உச்சியில் பழைய காலத்து அரசன் கட்டிய கோட்டை. இப்போது இடிந்து கிடக்கிறது. எங்கள் மாவட்டத்திலேயே இருந்தும், வெள்ளைக்காரர்கள் கடல் தாண்டி வந்து பார்த்துவிட்டுப் போகும் அதை நானும் என் மனைவியும் பார்த்ததில்லை. வேன் பேசியாயிற்று என்று கேள்விப்பட்டு, மறுநாள் காலையில் அண்ணன் வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, அது மலைதானே?"

"மலைதான் அண்ணே."

"படி இருக்கா?"

"ஆயிரத்துக்கு மேல இருக்காம்."

"என் மலையில ஐயாயிரத்துக்கு மேல. ஆயிரம்னா இந்தக் காலு தாங்கும். இதையே இருபத்தஞ்சாவதா வச்சுக்கிறேன். நானும் ஒங்க அக்காவும் வாறோம்."

"அண்ணே, அது கோயில் இல்ல. கோட்டை. ராசா இருந்த எடம்."

"அவரு இல்லாத எடம் ஒண்ணு காட்டுங்க, நான் போகல" என்று மேலே கையைக் காட்டினார்.

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். இதற்கு மேல் வாதாட எனக்குத் தெரியவில்லை. சரி என்றேன். அந்த நிமிடத்திலிருந்து எங்கள் சுற்றுலா யாத்திரையாகிவிட்டது.

ஒரு வாரம் மச்சம் மாமிசம் கூடாது. போகிற அன்று விடியமுன் தலை முழுக வேண்டும். வழியில் யாரும் 'இன்னும் எவ்வளவு தூரம்' என்று கேட்கக் கூடாது. களைப்பாக இருக்கிறது, வலிக்கிறது என்று வாய் தவறியும் சொல்லக் கூடாது. முதல் தடவை ஏறுகிறவர்கள் தலையில் வெள்ளைத் துணி கட்ட வேண்டும். சிவனொளிபாத மலைக்கு உள்ள சட்டம் அத்தனையும் சிகிரியாவுக்கு வந்துவிட்டது. என் மனைவி, "பிக்னிக் போறோமா, கரும காரியத்துக்குப் போறோமா?" என்று என்னிடம் கேட்டாள். மெல்லத்தான் கேட்டாள். அவளுக்கு மெல்லப் பேச வரும்.

காலை ஐந்து மணிக்கு வேன் புறப்பட்டது. ஓட்டியவர் எங்கள் ஊர் முஸ்லிம் நானா ஒருவர். நாவுல என்கிற ஊரைத் தாண்டியதும் அவர் வழக்கம்போல, "இன்னம் ஒரு மணித்தியாலத்துல போயிரலாம்" என்றார்.

"தூரம் சொல்லாதீங்க நானா!" என்று பின் சீட்டிலிருந்து ஒரு முழக்கம். நானா பயந்து பிரேக் அடித்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "ஹோர்ன் வேணாம் போல, இவரே போதும்" என்றார்.

வாசலைத் தாண்டி, படி தொடங்கும் இடத்தில் முதல் சிக்கல். அண்ணன் தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் ஒரு பித்தளை மணி. சிகிரியா உச்சியில் மணி இருக்காது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, வீட்டுச் சாமியறை மணியைக் கையோடு கொண்டுவந்திருக்கிறார். அங்கே நின்ற காவலாளி பையில் அது கிணுகிணுத்ததைக் கேட்டுவிட்டு ஓடி வந்தார்.

"மாமே, சத்த கரன்ன எப்பா. தெபரு எனவா" என்றார் சிங்களத்தில். சத்தம் போடாதீர்கள், குளவி வரும் என்று அர்த்தம். மேலே காட்டினார். பாறை முகத்தில் கறுப்பு கறுப்பாக, சாக்கு மூட்டை அளவில் கூடுகள் தொங்கின. சத்தம் போடக் கூடாது என்று மூன்று மொழியிலும் பலகை வேறு.

"குளவியா? எங்க?" என்றார் அண்ணன். அந்த இரண்டு சொல்லிலேயே காவலாளி தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

கடைசியில் மணியின் நாக்கில் என் கைக்குட்டையைச் சுற்றிக் கட்டினோம். மாமாவுக்கும் ஒன்று கட்டிவிட்டால் நல்லது என்று காவலாளி என்னிடம் சிங்களத்தில் சொன்னார். அண்ணனுக்குச் சிங்களம் என்னைவிட நன்றாகத் தெரியும் என்பது பாவம், அவருக்குத் தெரியாது.

பெரிய பாறைகளுக்கு நடுவே கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். தயிர்ச்சாதம், உருளைக்கிழங்கு பிரட்டல் எல்லாம் பொட்டலமாக வேனில் இருந்தது. என் மனைவி ஒரு கைப்பையை மட்டும் மடியை விட்டு இறக்கவில்லை. அதை நான் கவனிக்கவில்லை. குரங்கு கவனித்தது. பாறை மேலிருந்து ஒரு கிழட்டுக் குரங்கு இறங்கி வந்தது. அவசரமே இல்லை அதற்கு. பையைப் பிடுங்கி, எங்கள் கண் முன்னாலேயே திறந்து, செய்தித்தாளில் சுற்றியிருந்ததைப் பிரித்தது. உள்ளே ஆறு மீன் ரோல்ஸ்.

என் மனைவி வானத்தைப் பார்த்தாள். நான் பூமியைப் பார்த்தேன். குரங்கு ஒவ்வொன்றாகத் தின்றது. அண்ணன் வெகு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தங்கச்சி, ஆஞ்சநேயரே எறங்கி வந்து ஒங்க வெரதத்தக் காப்பாத்திட்டாரு" என்றார். கோபமே இல்லை. உண்மையாகவே நம்பிச் சொன்னார். அக்கா மட்டும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார்.

பிறகு படிகள். சிவனொளிபாத மலையில் ஏறுகிறவர்கள் இறங்குகிறவர்களைப் பார்த்து 'கருணாவை' என்று வாழ்த்துவது வழக்கம். அண்ணன் எதிரே இறங்கி வந்த ஒவ்வொருவரையும் பார்த்துக் கும்பிட்டு, "கருணாவை!" என்றார். குளவிக்காகக் குரலை இறக்கித்தான் சொன்னார். இறக்கிய குரல் நம்முடைய சாதாரணக் குரல். சிங்களப் பிள்ளைகள் சிலர் சிரித்தார்கள். "மேக்க ஸ்ரீபாத நெவெய் மாமே" என்றாள் ஒரு பெண், இது சிவனொளிபாத மலை இல்லை என்று. ஆனால் வெள்ளைக்காரர்களுக்கு அது இந்த இடத்து மரியாதை போலிருக்கிறது என்று பட்டுவிட்டது. அவர்களும் கும்பிட்டு, "கருணாவை, கருணாவை" என்று சொல்லத் தொடங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் எங்களுக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தவர்களும் சொன்னார்கள். சிகிரியாவில் அந்தக் காலை நேரம் முழுக்க ஒருவரை ஒருவர் வாழ்த்திக்கொண்டே இருந்தார்கள்.

அதோடு விட்டாரா? சிவனொளிபாத மலை வழியில் ஊசியும் நூலும் வைத்து நூலை இழுத்துக்கொண்டு போவது ஒரு நேர்த்தி. இவர் மடியிலிருந்து வெள்ளை நூல்கட்டையை எடுத்து, நுனியைக் கைப்பிடிக் கம்பியில் கட்டிவிட்டு, அவிழ்த்துக்கொண்டே ஏறினார். திரும்பிப் பார்க்கிறேன், பின்னால் வந்த ஒரு வயதான வெள்ளைக்கார அம்மாள், இதைப் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும் போல என்று நினைத்து, இரண்டு விரலால் அந்த நூலைப் பிடித்தபடி பத்திரமாக ஏறி வருகிறார். அவருக்குப் பின்னால் நான்கு பேர். எல்லோரையும் அவிழ்த்து விட்டு, நூலைச் சுற்றி எடுத்துவர எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று.

வழியில் ஒரு சுருள் ஏணிப்படி உண்டு. அதில் ஏறினால் பாறையில் தீட்டிய பெண்களின் ஓவியங்களைப் பார்க்கலாம். விருப்பமில்லாதவர்கள் நேராகப் போகலாம். "இதுல ஏற வேணாம் அண்ணே, கால் வலிக்கும்" என்றேன். "படின்னு இருந்தா விடக் கூடாது தம்பி. பொறகு கொறையும்" என்று கம்பியைப் பிடித்துவிட்டார். மேலே போனதும் ஓவியங்களை ஒரு கண்ணால் பார்த்தவர் உடனே இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டார். "சேலையே கட்டல. நான் வெரதத்துல இருக்கேன்" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு குருடர் போல நடந்தார். அக்கா ஒவ்வொன்றாக நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு, "நல்ல நகையா போட்டிருக்காளுங்க" என்றார்.

கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சுருள் படியில் இறங்கியதுதான் வினையாகப் போயிற்று. கடைசிப் படியில் கால் பிசகியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. வலிக்கிறது என்று சொல்லக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம்தானே. ஆனால் முகத்தில் வேர்வை கொட்டியது. அதற்குப் பிறகு 'கருணாவை' இல்லை. ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, என் தோளில் பாரம் கொடுத்து, எப்படியோ சிங்கத்தின் பாதம் இருக்கிற திறந்த வெளி வரைக்கும் வந்துவிட்டார். பாறையோடு பாறையாக இரண்டு பெரிய சிங்கப் பாதங்கள், நகம் எல்லாம் அப்படியே. அந்த இரண்டுக்கும் நடுவே செங்குத்தாக இரும்புப் படி. அதற்கு மேலேதான் கோட்டை.

முதல் படியில் கால் வைத்தார். முழங்கால் மடங்கிவிட்டது. பாதத்தின் நகத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். வேட்டிக்குக் கீழே முழங்கால் பலாக்கொட்டை போல இருந்தது போய்ப் பலாக்காய் போல வீங்கியிருந்தது.

"நான் தவழ்ந்து போறேன்" என்றார்.

அங்கே காவலுக்கு நின்ற பையன், சம்மதிக்க முடியாது, மேலே காற்று அடிக்கிறது, விழுந்தால் நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்றான். அண்ணன் அவனைக் கும்பிட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் சத்தமில்லாமல் பேசியதை அன்று நான் கேட்டேன். "புத்தா, ஒண்ணே ஒண்ணுதாம்பா கொறையுது. ஒரே ஒண்ணு" என்றார். மகனே என்கிற அந்தப் 'புத்தா' மட்டும்தான் சிங்களம்; மிச்சம் அவரை அறியாமல் தமிழில் வந்துவிட்டது. அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

அப்போதுதான் அக்கா செருப்பைக் கழற்றினார்.

"நீங்க இருங்க. நான் போயிட்டு வாறேன்."

"நீ போயி என்ன செய்ய? வேண்டுனது நானு."

"உசுரு யாருது?"

அண்ணன் முழங்காலைத் தடவினார்.

"ஒங்களத்தான் கேக்குறேன். யாரு உசுருக்கு வேண்டுனீங்க?"

"ஒன் உசுருக்கு."

"அப்ப மிச்சப் படிக்குக் காலும் என்னுதா இருந்துட்டுப் போகட்டும்."

அவ்வளவு நீளமாக அக்கா பேசி நான் கேட்டதே இல்லை. அண்ணன் தோளிலிருந்த பையைக் கழற்றித் தன் தோளில் போட்டுக்கொண்டு, சேலையை வரிந்து செருகினார். சரிவில் கூடை சுமந்து ஏறிப் பழகிய கால். இரும்புப் படியில் அவர் போன வேகத்தைப் பார்த்து என் மனைவி, "அக்கா, நில்லுங்க, நானும் வாறேன்" என்று மூச்சு வாங்கப் பின்னால் ஓடினாள். எனக்கு உயரம் என்றால் தலை சுற்றும். நான் அண்ணனோடு உட்கார்ந்தேன்.

அக்கா ஏறுவதை அவர் விரல் மடக்கி எண்ணிக்கொண்டே இருந்தார். பாறை வளைவில் அக்கா மறைந்ததும் விரல் நின்றது. மடக்கிய விரலை அவர் நிமிர்த்தவில்லை. பேச்சை மாற்றலாம் என்று, அந்த அரசனின் கதையைச் சொன்னேன். தகப்பனைக் கொன்றுவிட்டு அரசனானவன்; தம்பி படையெடுத்து வருவான் என்று பயந்து, யாரும் ஏற முடியாத இந்தப் பாறையில் கோட்டை கட்டிக்கொண்டு போய் இருந்தான் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததைச் சொன்னேன்.

"பயந்தா போனான்?" என்று கேட்டார்.

"ஆமாண்ணே."

"நானும் பயந்துதான் தம்பி வந்தேன். பக்தின்னு ஊர் சொல்லும். இருபத்துநாலு தடவையும் பயந்துதான் ஏறுனேன்" என்றார். காவலுக்கு நின்ற பையன் ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்.

ஒரு மணி நேரத்தில் இரண்டு பேரும் இறங்கி வந்தார்கள். என் மனைவியின் கண் சிவந்திருந்தது. மேலே நடந்ததை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உச்சியில் இடிந்த சுவர்களுக்கு நடுவே ஒரு குளம் இருக்கிறதாம். அதன் ஓரத்தில் நின்று அக்கா, சிவனொளிபாத மலை எந்தப் பக்கம் என்று அங்கிருந்த ஒருவரிடம் கேட்டிருக்கிறார். அவர் தெற்கே காட்டினார். முகில்தான் தெரிந்தது. அந்த முகிலைப் பார்த்து, கைக்குட்டை கட்டிய மணியை இருபத்தைந்து தடவை ஆட்டியிருக்கிறார். ஒரு சத்தமும் வரவில்லை. பிறகு, "அப்பனே, இந்த மனுசன் பாவம். இனிமே இவருகிட்ட ஒண்ணும் வாங்காத" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாராம்.

அண்ணன் முதலில் கேட்டது, "எத்தன அடிச்ச?"

"இருபத்தஞ்சு."

"ஐயோ புள்ள! நீ மொத தடவ ஏறுறவ. ஒண்ணுதான் அடிக்கணும்! இருபத்தஞ்சு அடிச்சா பொய்யாயிருமே!"

அக்கா அவர் முழங்காலில் தண்ணீர்த் துணியைச் சுற்றிக்கொண்டே, "பேசாம காலை நீட்டுங்க" என்றார்.

கீழே கொண்டுவந்து சேர்க்க நாலு பேர் கை கொடுத்தார்கள். அதில் இரண்டு பேர் வெள்ளைக்காரர்கள். 'கருணாவை' சொல்லிப் பழகியவர்கள்.

வேனில் அக்கா தூங்கிவிட்டார். தம்புள்ளை தாண்டியதும் அண்ணன் முன்னால் குனிந்து என் தோளைத் தட்டினார்.

"தம்பி, நீங்க வெள்ளி தவறாம அம்மன் கோயிலுக்குப் போற மனுசன். எனக்கு ஒண்ணு செய்யணும். ஸ்கேனுக்கு முன்னால அம்மாகிட்ட போயி நடந்தத நடந்த மாதிரி சொல்லிருங்க. சிங்கத்துக் கால் வரைக்கும் நான் ஏறுனேன். மிச்சம் அவ ஏறுனா. மணி எண்ணிக்கையில பெசகிருச்சு. ஒண்ணையும் ஒளிக்காதீங்க. மலையில இருக்கிறவருக்கு அவங்க சொல்லிருவாங்க."

"நீங்களே சொல்லலாமே அண்ணே?"

"வாக்குல கொறவா நிக்கிறவன் எப்புடிப் போயிச் சொல்றது? நீங்க சாட்சி. நீங்க சொன்னாத்தான் எடுபடும்."

சரி என்றேன்.

ஸ்கேனுக்கு முந்திய வெள்ளிக்கிழமை தலை முழுகி, தேங்காய் பழம் வாங்கிக்கொண்டு போனேன். அந்த மாதக் கடைசியில் அக்காவின் ரிப்போர்ட் சுத்தமாக வந்தது. அதை அண்ணன் என்னிடம் தனியாகக் கூப்பிட்டு ரகசியமாகச் சொன்னதில், பஸ் நிலையத்தில் நின்றவர்கள் கூடக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அன்று மாலையே யாரோ ஒரு வீட்டு மிளகாய்த்தூளில் உப்பு கலந்திருப்பதாக மில்லிலிருந்து குரல் கேட்டது. தெரு நிம்மதியானது.

"அன்னைக்கு நடந்தத நடந்த மாதிரிதானே தம்பி சொன்னீங்க?" என்று அதற்குப் பிறகு எத்தனையோ தடவை கேட்டுவிட்டார். ஆமாம் அண்ணே என்றே சொல்லி வருகிறேன்.

இல்லை. கர்ப்பூரம் எரியும்போது நான் சொன்னது இதுதான்: "தாயே, இருபத்தைந்தையும் அந்த மனிதர் தன் காலாலேயே ஏறினார். கடைசிப் படி வரைக்கும் நான் கூடவே இருந்து பார்த்தேன்." அவள் முன்னால் நின்று நான் பொய் சொன்னது அந்த ஒரு தடவைதான். அவள் மறுபடி கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.